பட்டினி போட்ட ஈஸ்ட்டும் பச்சைப் புள்ளிப் புழுவும்

துள்ளுகிறது! வேறு எதைச் சொல்வதற்கு முன்னாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். பட்டினி போட்ட ஈஸ்ட் செல்லின் வாக்குவோலுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் துள்ளுகின்றன, ஒரு நொடிகூட ஓயாமல். பாடப்புத்தகப் படமல்ல, யூடியூப் அனிமேஷனும் அல்ல. 100 மடங்கு ஆயில் இம்மர்ஷன் லென்ஸ் போட்ட நுண்ணோக்கியில் என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாதம் வடிக்கும்போதும் அதே நினைப்பு.

2016-ல் யோஷினோரி ஓசுமி என்ற ஜப்பானியருக்கு மருத்துவ நோபல் பரிசைத் தேடித்தந்த காட்சி இதேதான். அவர் பார்த்ததை நாமும் பார்க்கலாம், கோடி ரூபாய்க் கருவி வேண்டாம் என்பதுதான் என்னைக் கிறங்கடிக்கிறது. நோபல் வாங்கிய எத்தனை விஷயங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? ஹிக்ஸ் துகளைப் பார்க்கப் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுரங்கம் வேண்டும். ஈர்ப்பலைக்கு நாலு கிலோமீட்டர் நீளக் குழாய் இரண்டு வேண்டும். இதற்கு ஒரு ஸ்லைடு, ஒரு கவர் ஸ்லிப், ஒரு சொட்டு எண்ணெய், சரியான ஈஸ்ட் ரகம். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இருந்தால் இன்னும் அமோகம்.

நான் காரைக்குடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது இதே ஊரில் ஆய்வு மாணவி. "சனிக்கிழமை சும்மாதானே டீச்சர் இருப்பீங்க, வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று ஒருநாள் கூப்பிட்டாள். அன்று போனவள்தான், இப்போது அவளே 'டீச்சர் இன்னிக்கும் வந்துட்டாங்களா' என்று சிரிக்கும் அளவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு இந்த மாதிரிப் பைத்தியம் ஒன்றும் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 1947-ல் கலைக்கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாங்கள் சிக்ரி என்று சொல்வது, இங்கே வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. அதன் உயிர்த்தொழில்நுட்பத் துறையிலிருந்து சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவை வைத்துச் செய்த ஆய்வுகள் வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் புழுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தனிக் கதை.

எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு, அந்த உருண்டைகளுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன்னைத்தானே தின்னும் வேலையை, புரியவைப்பது சுலபம். பராமரிக்க முடியாமல் போன செட்டிநாட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், கதவு நிலை, பூட்டு, கண்ணாடி எல்லாம் தனித்தனியாகக் கழன்று கடைக்கு வந்து, பிறகு வேறொரு வீட்டில் போய் நிற்கின்றன. செல்லும் தனக்குள்ளே இதைச் செய்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியா, மடிப்புக் கெட்டுத் திரண்ட புரதம், உள்ளே நுழைந்த பாக்டீரியா, எதுவானாலும் வளைத்துப் பிடித்து, பிரித்து, அமினோ அமிலமாகவும் கொழுப்பாகவும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உணவுக்குத் தட்டுப்பாடு வரும்போது இந்த வேலை சூடு பிடிக்கிறது.

நான் சொக்கிப்போனது அந்தப் பிரித்தெடுக்கும் வேலையில்கூட இல்லை. அதற்கு முந்தைய காரியத்தில். பிரிக்க வேண்டிய பொருளைச் சுற்றிச் செல் ஒரு பையைக் கட்டுகிறது. ஏற்கெனவே இருக்கும் பை அல்ல, அந்த நேரத்துக்கென்று புதிதாகக் கட்டும் பை. முதலில் ஒரு சின்னத் தட்டைச் சவ்வு தோன்றுகிறது. அதற்கு ஃபேகோஃபோர் என்று பெயர். அது விளிம்புகளில் வளர்ந்து, வளைந்து, கிண்ணமாகிறது. கிண்ணத்தின் வாய் குறுகிக் குறுகி மூடிக்கொள்கிறது. மூடியதும் அது ஆட்டோஃபேகோசோம், இரட்டைச் சவ்வு போர்த்திய உருண்டை. நம் செல்களில் அதன் குறுக்களவு 0.5 முதல் 1.5 மைக்ரோமீட்டர் வரை. பிறகு அது செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு சேர்கிறது. ஈஸ்ட்டிலும் தாவரங்களிலும் லைசோசோமின் இடத்தில் வாக்குவோல். வெளிச்சவ்வு வாக்குவோலின் சவ்வோடு கலந்துவிட, உட்சவ்வு போர்த்திய உருண்டை உள்ளே விழுகிறது. நான் துள்ளுகிறது என்று சொன்னது விழுந்த அந்த உருண்டையைத்தான். ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கிக் கிண்ணம் மூடிக்கொள்வது வரை ஏறக்குறைய 10 நிமிடம். எங்கிருந்து வந்தது இவ்வளவு சவ்வு? யார் கொண்டுவந்து கொட்டினார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உலகம் 60 வருடமாக நுண்ணோக்கிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறது.

ஓசுமியின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தனி ஆய்வகம் கிடைத்தபோது வயது 43. அதுவரை ஈஸ்ட்டின் வாக்குவோலைப் பற்றி ஆய்ந்தவர். அந்தக் காலத்தில் வாக்குவோல் என்றால் செல்லின் குப்பைக்கூடை, அதில் என்ன இருக்கிறது என்ற அலட்சியம். இவர் ஒரு கணக்குப் போட்டார். வாக்குவோலுக்குள் பொருள்கள் வந்து சிதைகின்றன என்றால், சிதைக்கும் நொதிகளை எடுத்துவிட்டால் வந்த பொருள்கள் அப்படியே குவிந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? நொதிகள் இல்லாத ஈஸ்ட் ரகத்தை எடுத்தார். நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் போட்டுப் பட்டினி போட்டார். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். அரை மணி நேரத்திலேயே உருண்டைகள் வர ஆரம்பித்தன. சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுக்க நிரம்பின. தண்ணீர் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் அவை அசைந்தபடியே இருந்தன. பிரௌனியன் இயக்கம் என்று நான் பிள்ளைகளுக்கு எழுதிப்போடும் அதே சங்கதிதான். அசைவதால்தான் கண்ணில் சட்டென்று படுகிறது. அசையாமல் கிடந்திருந்தால் ஏதோ தூசி என்று கடந்திருப்பார்களோ என்னவோ.

இதற்கு முன்னால் யாருமே ஆட்டோஃபேஜியைப் பார்த்ததில்லை என்று நினைக்க வேண்டாம். 1950-களின் கடைசியிலிருந்தே எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் சவ்வுக்குள் பாதி கரைந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் தென்பட்டன. லைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்டியன் டி டூவ் 1963-ல் லண்டன் கூட்டமொன்றில் இதற்குப் பெயரும் வைத்துவிட்டார். ஆனால் எந்த மரபணு இதைச் செய்கிறது என்று கேட்டால் முப்பது வருடத்துக்குப் பதில் இல்லை. ஓசுமியின் ஈஸ்ட் அந்தக் கதவைத் திறந்தது. மிகி சுகடா என்ற மாணவியோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பிறழ்வு ஈஸ்ட்களை அலசினார். முதல் பிறழ்வு, வாக்குவோலில் உருண்டை சேராத ஒன்று, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே பிடிபட்டது. 1993-ல் 15 மரபணுக்களின் பட்டியல் வெளியானது. இன்று ஏடிஜி என்ற பெயர்வரிசையில் உலகம் முழுக்கப் பேசப்படுபவை அங்கிருந்து கிளம்பியவை. நம் செல்களிலும் அவற்றின் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஈஸ்ட்டுக்கும் நமக்கும் நூறு கோடி வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி. ஆனாலும் வேலை அதே வேலை, ஆட்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்!

ஒளி நுண்ணோக்கியில் உருண்டை தெரியும், அதன் தோல் தெரியாது. ஒளியின் அலைநீளம் அனுமதிப்பது 200 நானோமீட்டர் அளவுக்கு. அதைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் குழைந்துவிடும். சவ்வின் தடிமனோ சில நானோமீட்டர். ஆகவே தோலைப் பார்க்க எலக்ட்ரான் வேண்டும். இங்கே நான் கையெடுத்துக் கும்பிடும் பெயர் மிசுசு பாபா. நோபல் பேச்சுகளில் அவ்வளவாக அடிபடாத பெயர். ஈஸ்ட்டை ரசாயனத்தில் ஊறவைத்துப் பதப்படுத்தினால் மெல்லிய சவ்வுகள் கெட்டுப்போகும். அவர் செல்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைத்து, பிறகு நிதானமாக நீரை அகற்றிச் சீவினார். 1992-லும் 1994-லும் வந்த அவருடைய படங்களில், இரட்டைச் சவ்வு உருண்டை வாக்குவோலோடு ஒட்டி, வெளித்தோலை அதனிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கும் தருணம் அப்பட்டமாக நிற்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் படங்களைப் பாடப்புத்தகத்தின் அட்டையிலேயே போடுவேன்.

சரி, செய்முறை. நொதி இல்லாத ஈஸ்ட் ரகம் ஆய்வகங்களில் உண்டு. அது இல்லாவிட்டால் பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பானைச் சேர்த்துச் சாதாரண ஈஸ்ட்டிலும் உருண்டைகளைச் சேரவைக்கலாம். அது நச்சுப் பொருள். கையுறையும் விவரம் தெரிந்த ஆளும் இல்லாமல் தொடக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு நிச்சயம் வேண்டாம். நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் சில மணி நேரம் வைத்து, ஒரு சொட்டு எடுத்து, கவர் ஸ்லிப் மூடி, எண்ணெய் விட்டு, ஃபைன் ஃபோகஸ் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். ஈஸ்ட் செல்லே 5 மைக்ரோமீட்டர்தான். முதலில் வட்டங்களாகத் தெரியும். பிறகு வட்டத்துக்குள் ஒரு வெளிர் வட்டம், அதுதான் வாக்குவோல். அந்த வெளிர் வட்டத்துக்குள்... நான் "அய்யோ!" என்று கத்திய கத்தலில் பக்கத்து அறைப் பையன் ஓடிவந்துவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் சமாச்சாரம். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதில் தொடங்கிச் சஷ்டி, ஏகாதசி எதையும் விடாதவர். "ஏம்மா, பதினாறு மணி நேரம் பட்டினி கெடந்தா உடம்பு தன்னத்தானே சுத்தம் பண்ணிக்குமாமே? அதுக்கு நோபல் பரிசே குடுத்துட்டாங்களாமே?" என்று கேட்டார். நோபல் கொடுத்தது பட்டினி கிடக்கும் மனிதருக்கு அல்ல ஆச்சி, ஈஸ்ட்டில் அந்த இயந்திரத்தின் பாகங்களைக் கண்டுபிடித்ததற்கு என்றேன். இத்தனை மணி நேரம் என்ற கணக்கு ஓசுமியின் ஆய்வில் எங்கும் இல்லை. எலியில் பார்த்திருக்கிறார்கள். நோபோரு மிசுஷிமா 2004-ல், ஆட்டோஃபேகோசோம் பச்சையாக ஒளிரும் எலிகளை உண்டாக்கி 24 மணி நேரம் பட்டினி போட்டார். ஈரல், தசை என்று பல உறுப்புகளில் பச்சைப் புள்ளிகள் பெருகின. மூளையில் பெருகவில்லை. உறுப்புக்கு உறுப்பு கதை வேறு. உயிருள்ள மனிதரின் ஈரலுக்குள் அப்படிப் புள்ளி எண்ண வழியேது? அதே வருடம் அதே குழுவினர் இன்னொன்றும் கண்டார்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். எலிக்குட்டி பிறந்து தொப்புள்கொடி வழியே வந்த உணவு நின்றவுடன், தாய்ப்பால் சீராகக் கிடைக்கும் வரை, அதன் செல்களில் ஆட்டோஃபேஜி பொங்கி எழுகிறது. அதற்கான மரபணு இல்லாத குட்டிகள் ஒரு நாளைத் தாண்டுவதில்லை. பிறந்தவுடன் நாம் எல்லோரும் தின்ற முதல் சாப்பாடு எது என்று ஆச்சியிடம் கேட்டுவைத்திருக்கிறேன், யோசித்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர், டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள் என்றும் சொன்னேன். அதை மட்டும் காதில் வாங்கவில்லை.

இப்போது புழு. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு. கண்ணாடி உடம்பு. வளர்ந்த இருபால் புழுவுக்கு உடற்செல்கள் சரியாக 959, கூடாது குறையாது. தட்டில் பரப்பிய ஈ.கோலை பாக்டீரியாதான் சாப்பாடு. வளர்க்க 20 டிகிரி வேண்டும், 25-க்கு மேலே போனால் இனப்பெருக்கமே தகராறு. சித்திரை மாதக் காரைக்குடியில் புழுவுக்கு 20 டிகிரி இன்குபேட்டர்! எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஃபேன் சுற்றினால் அன்று தீபாவளி. பொறாமையாகத்தான் இருந்தது.

இந்தப் புழுவின் கண்ணாடி உடம்பில்தான் மார்ட்டின் சால்ஃபி 1994-ல் ஜெல்லி மீனின் பச்சை ஒளிர்புரதத்தை ஏற்றி, நரம்பு செல்களை உயிரோடு மின்னவைத்தார். 2008-ன் வேதியியல் நோபல் அவருக்கும் ஷிமோமுராவுக்கும் ரோஜர் சியெனுக்கும் போனது. இப்போது அந்தப் பச்சையை ஆட்டோஃபேஜிக்கு எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஈஸ்ட்டில் ஏடிஜி8, நம்மிடம் எல்சி3, புழுவில் எல்ஜிஜி-1 என்று ஒரு குட்டிப் புரதம். சும்மா இருக்கும்போது செல் முழுக்கக் கரைந்து கிடக்கும். பை கட்டும் வேலை தொடங்கியதும் ஒரு கொழுப்பு மூலக்கூறோடு பிணைந்து, வளரும் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனோடு பச்சைப் புரதத்தைக் கட்டிவிட்டால் போதும். சும்மா இருக்கும் செல்லில் மங்கலான பச்சைப் பூச்சு. வேலை நடக்கும் செல்லில் பளிச்சென்று புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் கட்டப்படும் அல்லது கட்டி முடித்த ஒரு பை.

என் மாணவி இரண்டு ஸ்லைடு வைத்தாள். பிளாட்டினக் கம்பி முனையில் புழுவை நோகாமல் எடுத்து, அகரோஸ் திட்டின்மேல் விட்டு, ஓடாமல் இருக்க லெவமிசோல் ஒரு துளி. விளக்கை அணைத்தாள். முதல் ஸ்லைடில் சாப்பிட்ட புழு. பக்கவாட்டில் வரிசையாக ஓடும் தோல் செல்களில் பசும் மங்கல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. இரண்டாவதில் பட்டினிப் புழு. அம்மாடி! அதே செல்களில் பச்சைப் பொட்டுகள் பொலபொலவென்று. உயிருள்ள ஒரு பிராணி, இந்த நிமிடம், பசிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்தபடி நிற்கிறேன். அறுக்கவில்லை, சாயம் ஏற்றவில்லை. அந்த இருட்டு அறையை விட்டு வெளியே வர எனக்கு மனமே வரவில்லை. "லைட் அதிகமா அடிச்சா பச்சை மங்கிடும் டீச்சர், விடுங்க" என்று அவள்தான் ஷட்டரை மூடினாள்.

"புள்ளி கூடினா ஆட்டோஃபேஜி கூடிருச்சு, அவ்வளவுதானே?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு பாடம் இருந்தது. பைகள் அதிகம் கட்டப்பட்டாலும் புள்ளி கூடும், கட்டிய பைகள் லைசோசோமுக்குப் போய்ச் சேராமல் தேங்கினாலும் புள்ளி கூடும். உற்பத்தி உயர்ந்ததா, வடிகால் அடைத்ததா? ஒரே படத்துக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம். அதனால் குளோரோகுயின், பாஃபிலோமைசின் மாதிரி வடிகாலைத் தாமே அடைக்கும் மருந்துகளைப் போட்டு, போடாததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இன்னொரு தந்திரம் இருக்கிறது, கேட்டவுடன் கைதட்டினேன். அதே புரதத்தில் பச்சை, சிவப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவது. லைசோசோமின் அமிலத்தில் பச்சை அணைந்துவிடும், சிவப்பு தாங்கும். ஆகவே இரண்டு நிறமும் கலந்து மஞ்சளாகத் தெரிந்தால் பை இன்னும் வழியில் இருக்கிறது. சிவப்பு மட்டும் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனை எளிய, எத்தனை குறும்பான மூளை!

அந்தச் சவ்வு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நுண்ணோக்கியின் மகிமை முழுசாகத் தெரிவது இங்கேதான். 2008-ல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள பாப்ரகாம் நிறுவனத்தில் நிக்கோலஸ் கிடிஸ்டாகிஸ் குழு உயிருள்ள செல்களைப் படமெடுத்தது. பட்டினி போட்டதும், செல்லுக்குள் விரிந்திருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையின் மேல் ஒளிரும் வளையங்கள் எழும்பின. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் எல்சி3 புள்ளி தோன்றி வளர்ந்து, பிறகு கழன்று போனது. அடுத்த வருடம் ஜப்பானில் யோஷிமோரி குழுவும் பின்லாந்தில் எஸ்கெலினன் குழுவும் எலக்ட்ரான் டோமோகிராஃபி செய்தன. சாம்பிளைச் சாய்த்துச் சாய்த்துப் பல கோணங்களில் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாகச் சேர்ப்பது. வளரும் கிண்ணத்துக்கு உள்ளும் புறமும் எண்டோபிளாச வலையின் தாள்கள் அணைத்து நிற்பதும், நடுவே மெல்லிய இணைப்பு இருப்பதும் தெரிந்தன. ஆனால் 2010-ல் கேம்பிரிட்ஜில் ரூபின்ஸ்டைன் ஆய்வகத்தின் பிருந்தா ரவிக்குமாரும் சகாக்களும், செல்லின் வெளிச்சவ்வும் இதற்குச் சரக்கு அனுப்புகிறது என்று காட்டினார்கள். அதே வருடம் அமெரிக்காவிலிருந்து, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும்தான் என்றொரு ஆய்வு. 2013-ல், எண்டோபிளாச வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் பை முளைக்கிறது என்று மறுபடியும் யோஷிமோரி குழு. சண்டை என்றால் அப்படியொரு சண்டை. அந்தக் கட்டுரைகளை வரிசையாகப் படிக்கும்போது துப்பறியும் தொடர்கதை படித்த சுகம்.

முடிச்சு கொஞ்சம் அவிழ்ந்தது 2019-ல். ஏடிஜி2 என்ற புரதம் 20 நானோமீட்டர் நீளக் கோல். அதன் உடம்பு நெடுகக் கொழுப்பு வழுக்கிச் செல்ல ஏற்ற பள்ளம். ஒரு முனை எண்டோபிளாச வலையில், மறுமுனை வளரும் கிண்ணத்தின் விளிம்பில். யேல் உட்பட மூன்று ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இது கொழுப்பைக் கடத்துகிறது என்று காட்டின. கடத்திய கொழுப்பு சவ்வின் ஒரு அடுக்கில் மட்டும் சேர்ந்தால் சவ்வு கோணிவிடும். அதை இரண்டு அடுக்குக்கும் பிரித்துப் போட ஏடிஜி9 என்று இன்னொரு புரதம். அந்த ஏடிஜி9 பதித்த குட்டிக் குமிழிகள்தான் கிண்ணத்துக்கே விதை என்று ஈஸ்ட்டில் தெரிகிறது. அப்புறம் 2022-ல் ஜெர்மனியின் மார்ட்டின்ஸ்ரீடிலிருந்து வந்த படங்கள். அப்பப்பா! ஈஸ்ட்டை நொடிக்குள் கண்ணாடிப் பனியாக உறையவைத்து, அயனிக் கற்றையால் 200 நானோமீட்டருக்கும் மெல்லிய தகடாகச் சீவி, சாயம் ஏதும் இல்லாமல் எலக்ட்ரான் டோமோகிராஃபி. கிண்ணத்தின் இரண்டு சவ்வுகளும் நெருங்கி ஒட்டி நிற்கின்றன, விளிம்பு மட்டும் தடித்து உப்பியிருக்கிறது. நடுவே இடமில்லாததால், குமிழிகள் வந்து கலந்து மட்டும் இவ்வளவு பரப்பு வளர்ந்திருக்க முடியாது. அளந்து கணக்குப் போட்டதில், சவ்வின் பெரும்பங்கு நேரடியாகக் கடத்தப்பட்ட கொழுப்பால் ஆனது என்று தெரிந்தது. ஒரு இடைவெளியின் அகலத்தை அளந்து ஒரு பழைய வழக்கையே முக்கால்வாசி முடித்துவிட்டார்கள்!

நம் பக்கத்தில் யார் என்று கேட்பீர்கள். பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சித்தாயாவின் ஆய்வகம் ஈஸ்ட்டையும் மனித செல்களையும் வைத்து இதே கேள்விகளைத் துரத்துகிறது. செப்டின் என்ற புரதங்கள் செல் பிரியும் இடத்தில் வளையம் கட்டுவதற்குப் பேர்போனவை. பட்டினி கிடக்கும் ஈஸ்ட்டில் அவை ஆட்டோஃபேகோசோம் உருவாகும் ஆரம்பக் கட்டத்திலும் கைகொடுக்கின்றன என்று அவர்கள் 2018-ல் காட்டினார்கள். அதுவும் ஒளிர்வு நுண்ணோக்கியில் பிடித்த சங்கதிதான். எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்கள் ஊருக்கு அதிசயமில்லை, சிக்ரியில் பேட்டரி, துரு என்று மின்முனைகளின் முகத்தைப் பார்ப்பவர்களுக்கு அது அன்றாடக் கருவி. ஈரமான செல்லை அதற்குள் அனுப்புவது வேறு கலை, வேறு செலவு. என் பிளஸ் டூ பிள்ளைகளில் ஒருத்தியாவது அந்தக் கலையைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்பது என் பேராசை. வகுப்பில் லைசோசோம் என்று எழுதிவிட்டு இப்போதெல்லாம் நான் அரை மணி நேரம் நகர்வதில்லை. போர்ஷன் முடியாது என்று பக்கத்து வகுப்பு டீச்சர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

அடுத்து நான் பார்க்கத் துடிப்பது புழுவின் கரு. நமக்கும் புழுவுக்கும் மைட்டோகாண்ட்ரியா அம்மா வழிச் சொத்து, இது பாடத்திலேயே இருக்கிறது. அப்பாவின் விந்தணுவோடு உள்ளே வரும் மைட்டோகாண்ட்ரியா என்ன ஆகிறது? 2011-ல் ஜப்பானிலும் பிரான்ஸிலும் இரண்டு குழுக்கள் இந்தப் புழுவில் பதிலைக் கண்டன. கருவுற்ற முட்டைக்குள் வந்தவுடன் அவற்றைச் சுற்றி எல்ஜிஜி-1 மொய்க்கிறது, பை மூடுகிறது, கரு 16 செல் ஆவதற்குள் அப்பா சொத்து காலி. ஆண் புழுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் சிவப்புச் சாயம் ஏற்றிச் சேரவிட்டால், முட்டைக்குள் தெரியும் சிவப்பெல்லாம் அப்பாவுடையது. அதைப் பச்சை வந்து வளைப்பதைப் பார்க்கலாம். தாய்ப்புழுவை ஊசியால் லேசாகக் கீறினால் கருக்கள் ஸ்லைடிலேயே கொட்டும்.

"எப்பம்மா காட்டப்போறே?" என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆண் புழு வேணும் டீச்சர். எல்லாம் இருபால் புழுவாத்தான் பொறக்குது. ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் ஆண்."

"கூட்ட வழியே இல்லையா?"

"இருக்கு. நாலாம் பருவப் புழுவை 30 டிகிரியில சில மணி நேரம் வச்சா, அடுத்த தலைமுறையில ஆண் கொஞ்சம் கூடும். அந்த இன்குபேட்டர வேற ஒருத்தங்க புக் பண்ணிருக்காங்க."

"30 டிகிரிக்கு இன்குபேட்டர் எதுக்கும்மா காரைக்குடியில? தட்டை எடுத்து மேசையில வச்சுட்டு அந்த ஏசியை அணை!"